மல்சூன் எழுதாத பதில்

கொரியாவின் யோசு ஊர் மீன் சந்தையில் சரந்துயாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். மங்கோலியாவிலிருந்து வந்த பெண், வாயைத் திறந்தால் நம்ம ஊர்க்காரி தோற்றாள், மல்சூனையும் மகனையும் சேர்த்து வைத்த புண்ணியவதி என்று ஆளுக்கொன்று சொல்லி, கையில் இரண்டு கணவாய் மீனையும் சும்மா திணித்து அனுப்புவார்கள். அந்தக் கணவாயைச் சமைத்து வைத்தால் அவளுக்குத் தொண்டைக்குள் இறங்காது. ஏன் என்று சந்தையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சரந்துயா, இன்னொருத்தி மல்சூன்.

தார்கான் நகரத்திலிருந்து கல்யாணமாகி யோசுவுக்கு வந்தபோது சரந்துயாவுக்கு வயது இருபத்து நான்கு. கணவன் கீத்தே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பான். ஒரே குறை, பேச மாட்டான். வீட்டுக்கு வந்தால் "சோறு" என்பான், சாப்பிட்டதும் "தூக்கம்" என்பான். இவனிடமிருந்து கொரிய மொழியைக் கற்க நினைத்தால் ஆயுசுக்கும் இரண்டு வார்த்தைதான் தேறும்.

வெளிநாட்டு மருமகள்களுக்கென்று செவ்வாயும் வியாழனும் காலையில் இலவச வகுப்பு நடந்தது. சரந்துயா ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. சொல்லித் தந்தவர் ஹ்வாங் டீச்சர். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், பாடத்தில் தப்பே இல்லாத புத்தக மொழி. அதை நம்பிச் சந்தைக்குப் போன முதல் நாள், மீன்காரி பங்சிமிடம் சரந்துயா மிகுந்த மரியாதையோடு, "அம்மையீர், இந்த மீனின் விலை என்னவென்று நான் அறிந்துகொள்ளலாமா?" என்று கேட்டாள். பங்சிம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையைப் பார்த்து, "ஏய், டிவியில நியூஸ் வாசிக்கிற பொண்ணு இறங்கி வந்து மீன் கேக்குதுடி!" என்று கத்தினாள். சந்து முழுக்கச் சிரித்தது. புத்தகத்து மொழி வேறு, வாயில் புழங்கும் மொழி வேறு என்பதை அன்றைக்குத்தான் அவள் தெரிந்துகொண்டாள். நமக்கு இது புதிதில்லை. அவளுக்கு வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

அந்நிய ஊரில் மொழி தெரியாமல் இருப்பது பசி மாதிரி ஒரே இடத்தில் வலிப்பதில்லை. பஸ்ஸில் ஓட்டுநர் ஏதோ சொல்வார். எல்லாரும் இறங்குவார்கள், இவளும் இறங்குவாள், எதற்கு என்று தெரியாது. போன் அடித்தால் நெஞ்சு அடிக்கும், எதிரில் முகம் இல்லையே. "வணக்கம்" என்று ஒற்றை வார்த்தை சொன்னாலே "அடடா, எவ்வளவு நல்லா பேசுறே!" என்று குழந்தையிடம் சொல்வதுபோலச் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். தார்கானில் அவள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் முதல் ஆள். கொரியாவில் அவளுக்கு நான்கு வயது.

இரண்டாம் வருஷம் மல்சூனின் தொடுகறிக் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருபது முப்பது வகை செய்து டப்பாவில் அடைத்து விற்கிற கடை. நெத்திலி வறுவல், தாமரைக்கிழங்கு, சோயாவில் ஊறிய இலைகள் எல்லாம் உண்டு. ஆனால் பேர்போனது கடுகுக்கீரைக் கிம்ச்சி என்கிற காரமான ஊறுகாய்தான். அதைக் கொரியா முழுவதும் கூரியரில் அனுப்புவார்கள். மல்சூனுக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. கட்டையான உருவம், இடுப்பில் ரப்பர் ஏப்ரன், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. அவள் வாய்க்குச் சந்தையே ஒதுங்கி வழிவிடும்.

"பேர் என்னடி?"

"சரந்துயா."

"அத்தனை நீளமா? கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அடுப்புல இருக்கிறது தீஞ்சிடும். சரண்னு கூப்பிடுறேன்."

"நான் உங்களை... சித்தி கூப்பிடலாமா?"

"சித்தியா! சரி, செலவில்லாம ஒரு அக்கா மக கிடைச்சா. வேண்டாம்னா சொல்லப்போறேன்? போ, பூண்டு உரி."

அந்தக் கடையில்தான் சரந்துயாவுக்கு நாக்கு திரும்பியது. பூண்டு உரிக்கும்போதும் கீரை அலசும்போதும் மல்சூன் ஓயாமல் பேசுவாள், திட்டுவாள், பழைய கதை சொல்லுவாள். கேட்ட வார்த்தைகளையெல்லாம் சரந்துயா இரவல் வாங்கி மறுநாளே செலவழித்தாள். பேரம் பேசக் கற்றாள், திட்டினால் திருப்பித் திட்டக் கற்றாள். ஒருநாள் வகுப்பில் ஹ்வாங் டீச்சர் கேட்ட கேள்விக்குச் சந்தை மொழியில் பதில் சொல்லிவிட, டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிற்பகல் நான்கு மணிக்குக் கடையில் கூட்டம் ஓயும். அப்போது சரந்துயா ஃப்ரீசர் மூடிமேல் நோட்டை விரித்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மல்சூன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"மனசுக்குள்ள படிச்சா யாருக்குத் தெரியும்? சத்தமா படி. உச்சரிப்பு சரியா இருக்கான்னு நான் பார்க்கிறேன். ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சுப் படி. அவசரப்படாதே."

சரந்துயா விரல் வைத்துப் படித்தாள். மல்சூனின் கண் அந்த விரலை விட்டு அகலாது. எத்தனை அக்கறை இந்தச் சித்திக்கு என்று நினைத்து சரந்துயா உருகிப்போவாள். இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது.

விஷயம் கூரியர் சீட்டில் வெளிப்பட்டது. பூசானுக்குப் போக வேண்டிய பெட்டியில் தேஜான் முகவரியையும், தேஜான் பெட்டியில் பூசான் முகவரியையும் சரந்துயா மாற்றி ஒட்டிவிட்டாள். ஒட்டியதும் சந்தேகம் வந்து, "சித்தி, ஒரு தடவை பாருங்களேன்" என்று காட்டினாள். மல்சூன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு சீட்டையும் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். "சரியா இருக்கு. அனுப்பு" என்றாள். இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளர்கள் போனில் காய்ச்சினார்கள். மல்சூன் ஒரு வார்த்தைகூட சரந்துயாவைச் சொல்லவில்லை. "மன்னிக்கணும், என் கண்ணாடி பழசாயிடுச்சு" என்று இருவரிடமும் கெஞ்சினாள்.

கீரைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த சரந்துயாவின் கை நின்றது. பாங்குக்குப் போகும் நாளில் மட்டும் சித்தியின் வலது கையில் துணிக்கட்டு ஏறுவது ஞாபகம் வந்தது. "கை சுளுக்கிக்கிச்சு தம்பி, நீங்களே எழுதிடுங்க" என்று கவுண்டரில் அவள் சொன்னதைப் பலமுறை கேட்டிருக்கிறாள். கடைக்கு வந்தால் அதே கையால் முப்பது கிலோ உப்பு மூட்டையைத் தூக்குவாள்.

சரந்துயா எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து இன்னும் மெதுவாகப் படித்தாள். உப்பு, மிளகாய்த் தூள், இறால் ஊறல் என்று வாளிகளின்மேல் டேப் ஒட்டி எழுதி வைத்தாள், தனக்கு மறந்துபோகிறது என்று சாக்குச் சொல்லி. ஒரு மழைநாளில், கடையில் ஈ காக்காய் இல்லாத நேரத்தில், மல்சூன் திடீரென்று அந்த டேப் ஒன்றைத் தொட்டு, எழுத்துக்கூட்டி, "மி... ள... காய்" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"பூசான் பெட்டியில, சித்தி."

"சொல்லாம இருந்தியே. நல்ல பொண்ணுடி நீ." டேப்பை விரலால் நீவிவிட்டாள். "நாலு பொட்டைப் பிள்ளைகளை எங்க அப்பன் கடல்ல கிளிஞ்சல் பொறுக்க அனுப்பினான். தம்பி மட்டும்தான் பள்ளிக்கூடம் போனான். எனக்கு எழுத்து தெரியாதுன்னு என் வீட்டுக்காரருக்கு அவரு சாகுற வரைக்கும் தெரியாது. என் மகனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

பிறகு கிம்ச்சி ஃப்ரிட்ஜின் தலையிலிருந்து ஒரு நூடுல்ஸ் அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளே கடிதங்கள். மகன் இன்ஹோ பட்டாளத்தில் இருந்தபோது எழுதியவை. இந்த நாட்டில் பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறை பட்டாளம் போய்த்தான் தீர வேண்டும். போன பிள்ளை கடிதம் போடுவதும் பெற்றவள் பதில் போடுவதும் வழக்கம். இன்ஹோ இருபத்து மூன்று கடிதம் போட்டிருந்தான். இவள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். சந்தையில் யாரிடம் கொடுத்தாலும் மறுநாள் தன் பேர் நாறும் என்று பயந்தாள்.

"நானே படிக்கணும்டி. நீ படிச்சுக் காட்டக்கூடாது. நான் தடுமாறுற எழுத்தை மட்டும் சொல்லு, போதும். இது உனக்கும் எனக்கும்தான். வேற ஒரு காதுக்குப் போகக்கூடாது."

"போகாது சித்தி" என்றாள் சரந்துயா. மனதார, சத்தியமாகத்தான் சொன்னாள்.

வசந்தம் முழுவதும் நான்கு மணிக்கு அவர்கள் படித்தார்கள். இப்போது விரல் மல்சூனுடையது. ஒரு கடிதத்துக்கு ஒரு வாரம் ஆகும், சிலதுக்குப் பத்து நாள். குளிர், பூட்ஸ் கடித்தது, சாப்பாட்டில் உப்பில்லை, அம்மா செய்கிற கடுகுக்கீரை வேண்டும் என்று பையன் எழுதியிருந்தான். மல்சூன் ஒரு வரி முடிந்தால் நிமிர்ந்து சிரிப்பாள். "சோத்து மூட்டை! எழுதுறது பூரா சோறுதான்" என்பாள்.

ஜூன் மாதம் பதினோராவது கடிதத்துக்கு வந்தார்கள். அதில் சோறு இல்லை. பட்டாளம் முடிந்ததும் தன்னை சூவோனில் ஒரு கம்பெனிக்குக் கூப்பிடுகிறார்கள், ஆனால் தனக்கு ஊருக்கே வந்து அம்மாவோடு கடையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆசை, அம்மாவுக்குச் சம்மதமா, ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்று கேட்டிருந்தான். மல்சூன் கடைசி வரியை எழுத்துக்கூட்டி முடித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"போன்ல கேட்டான்டி" என்றாள். "பட்டாளத்துல இருந்து போன் பண்ணி, 'அம்மா, அந்த லெட்டர் படிச்சீங்களா'ன்னு கேட்டான். படிச்சேன்னு சொன்னேன். 'நீங்க என்ன சொல்றீங்க'ன்னான். எனக்கு என்ன தெரியும், என்ன எழுதியிருக்கான்னு? 'உன் இஷ்டம்டா'ன்னு சொன்னேன். 'சரிம்மா'ன்னான்." ஏப்ரனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் இஷ்டம்னு சொன்னேன் பாரு. பெத்தவ சொல்ற பேச்சா அது?"

இன்ஹோ சூவோனுக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. நிலாப் புத்தாண்டுக்கும் அறுவடைப் பண்டிகைக்கும் வருவான். மறுநாள் காலை கிளம்பிவிடுவான். அம்மாவுக்குத் தான் வேண்டாதவன் என்று அவன் முடிவு கட்டியிருந்தான் போலிருக்கிறது. ஏன் இந்தப் பிள்ளை இப்படி ஒட்டாமல் போனான் என்று இத்தனை வருஷமும் மல்சூன் மருகியதற்கு அந்த ஒரு தாளில் விடை இருந்தது.

மறுநாள் அவள் ஒரு கோடு போட்ட நோட்டும் இரண்டு பென்சிலும் வாங்கி வந்தாள்.

"பதில் எழுதப்போறேன். பத்து வருஷம் கழிச்சுதான் ஆகட்டும். என் கையால எழுதி, நானே தபாலாபீசுக்குப் போய் ஸ்டாம்பு ஒட்டிப் போடுவேன். அவன் கவரைக் கிழிச்சுப் படிக்கணும். அம்மா கையெழுத்துன்னு ஒண்ணு இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. அதைப் பார்க்கணும் அவன்."

ஜூனில் ஆரம்பித்து செப்டம்பர் முடிவதற்குள் நான்கு வரி ஆனது. எழுதுவாள், அழிப்பாள், தாள் கிழியும், வேறு தாள் எடுப்பாள். உப்பிலும் மிளகாயிலும் ஊறிய விரலுக்குள் பென்சில் நிற்காது. கடைசியில் நின்ற நான்கு வரி இதுதான்:

இன்ஹோ, உன் பதினோராவது கடிதத்தைப் படித்தேன். பத்து வருஷம் ஆகிவிட்டது. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் வா என்று சொல்லியிருப்பேன்.

"எழுத்து கோணலா இருக்கு. அழகா ஒரு தடவை பார்த்து எழுதிட்டுத்தான் போடுவேன்" என்றாள் மல்சூன். "அவன் பொறந்த நாள் நவம்பர்ல. அதுக்குள்ள முடிச்சிடலாம்."

இது இப்படியிருக்க, அக்டோபர் ஒன்பதாம் தேதி வந்தது. கொரிய எழுத்து பிறந்த நாள் என்று ஊர் முழுக்க விழா எடுக்கிற நாள். அன்றைக்கு வெளிநாட்டவர்களுக்குக் கொரிய மொழிப் பேச்சுப் போட்டி. முதல் பரிசு, சொந்த ஊருக்குப் போய் வர விமான டிக்கெட். சரந்துயா தன் அம்மாவைப் பார்த்து மூன்று வருஷம். ஹ்வாங் டீச்சர் அவள் எழுதிக் கொண்டுவந்த முதல் பேச்சைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அம்மாவை நினைச்சு அழறது, பனியில வழுக்கி விழுந்தது, கிம்ச்சி காரம்... இதை வருஷா வருஷம் பத்துப் பேர் சொல்றாங்கம்மா. நடுவருங்க தூங்கிடுவாங்க. எங்க ஊர் மனுஷங்களைப் பத்தி, வேற யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்லையா? மனசைத் தொடணும்."

டீச்சர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு ஒன்றும் தெரியாது. சரந்துயாவுக்குத்தான் தெரியும். இரண்டு நாள் அவள் தனக்குத்தானே வக்கீலாக நின்று வாதாடினாள். பேர் சொல்லப்போவதில்லையே. மண்டபம் ஊருக்கு வெளியே இருக்கிறது. கேட்க வருகிறவர்கள் வியட்நாம்காரியும் உஸ்பெக்காரியும்தானே. கெட்டதாக ஒரு சொல் சொல்லப்போவதில்லை, சித்தியைக் கோபுரத்தில் ஏற்றி வைத்துத்தான் பேசப்போகிறோம். இப்படி எல்லாக் கேள்வியையும் கேட்டாள். சித்தியிடம் கேட்கலாமா என்ற கேள்வியை மட்டும் பக்கத்தில் வரவிடவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். விமான டிக்கெட் ஒரு காரணம் என்று பின்னால் சொல்லிக்கொண்டாள். இன்னொரு காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நான்கு வயதுக் குழந்தையாகத் தன்னைத் தட்டிக்கொடுத்த இந்த ஊரை, அவர்களுடைய மொழியிலேயே பேசி ஒருமுறை அழவைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது.

அழவைத்தாள். ஐந்து நிமிடப் பேச்சு. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு பாங்குக்குப் போகும் ஒரு சந்தைக்காரப் பெண்மணியைப் பற்றிச் சொன்னாள், பதினோராவது கடிதத்தைச் சொன்னாள். கடைசியில் அந்த நான்கு வரியை, பேரை மட்டும் "மகனே" என்று மாற்றி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நடுவர்கள் மூன்று பேரும் கைக்குட்டையைத் தேடினார்கள். தங்கப் பரிசு. மேடையில் அட்டையில் அடித்த பெரிய டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றபோது அவளுக்கு இறக்கை முளைத்திருந்தது.

நம்ம ஊரைப் போலவேதான் அந்த ஊரும். யாராவது எதிலாவது ஜெயித்தால் போதும், தெருவுக்குக் குறுக்கே பேனர் கட்டாவிட்டால் தூக்கம் வராது. மறுநாள் சரந்துயா கடைக்கு வரும்போது சந்து முனையில் மஞ்சள் பேனர் ஆடியது: "நம் சந்தையின் மருமகள் சரந்துயாவுக்குத் தங்கப் பரிசு! வாழ்த்துகள்!" வியாபாரிகள் சங்கம் அதோடு விட்டதா? பத்து மணிக்குச் சந்தை ஒலிபெருக்கியில் வழக்கமாகப் பாட்டுப் போடுவார்கள். அன்றைக்குப் பாட்டுக்குப் பதில், யாரோ செல்போனில் பிடித்திருந்த அந்தப் பேச்சைப் போட்டார்கள்.

மல்சூன் கீரைக்கு மசாலா பூசிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் சரந்துயாவின் குரல் கேட்டதும், "ஏய், உன் குரல்டி!" என்று பெருமையாக நிமிர்ந்தாள். பாங்க் வந்தது. கட்டுப் போட்ட கை வந்தது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கவும் இல்லை, இருக்கவும் இல்லை, அப்படியே நின்றது. சரந்துயா கடையின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போகவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. மேலே அவளுடைய குரலே ஓடிக்கொண்டிருந்தது, தப்பே இல்லாமல். நான்கு வரியும் வந்தது. மல்சூன் இரண்டு கைகளையும் மசாலாவுக்குள் வைத்தபடி அதைக் கடைசிவரை கேட்டாள்.

சந்தையில் யார் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு பாங்குக்குப் போவார்கள் என்று தெரியாதவர் யார்? பேச்சு முடிவதற்குள் பங்சிம் மீன் செதிலோடு ஓடி வந்து மல்சூனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அடிப்பாவி! எங்கிட்ட சொல்றதுக்கென்ன? நான் மட்டும் காலேஜு படிச்சவளா? கடை போர்டுல என் பேர் தலைகீழா இருந்தாக்கூட எனக்குத் தெரியாதுடி!"

கூடியிருந்தவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். மல்சூனும் சிரித்தாள். "மீனைத் தலைகீழா வித்தாலும் உனக்குத் தெரியாது, போ" என்றாள். எல்லாரும் போன பிறகு சரந்துயா உள்ளே வந்து அவள் முன் நின்றாள்.

"சித்தி..."

"நல்லா பேசினே. குரல் நல்லா இருந்துச்சு" என்றாள் மல்சூன். "டப்பா தீர்ந்துபோச்சு. பின்னாடி இருந்து ஒரு கட்டு எடுத்து வா."

சனிக்கிழமை இன்ஹோ வந்தான். யாரோ அந்த வீடியோவை அவன் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். சூவோனிலிருந்து நான்கு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டி வந்து, கடைக்குள் ஈரத் தரையென்றும் பாராமல் மண்டி போட்டு, அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதான். பிறகு எழுந்து வந்து சரந்துயாவின் முன்னால் இடுப்பு வளைய வணங்கி, "உங்களால எங்க அம்மா எனக்குத் திரும்பக் கிடைச்சாங்க. இந்த நன்றியை மறக்கவே மாட்டேன்" என்றான். சந்தையே வாசலில் நின்று பார்த்தது. தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது அவளுக்கு.

அதற்கப்புறம் எல்லாம் நன்மையாகத்தான் நடந்தது. இன்ஹோ ஞாயிறு தவறாமல் போன் பண்ணுகிறான். மாதம் ஒருமுறை மனைவியோடு வருகிறான், இரண்டு நாள் தங்குகிறான். மல்சூனின் கையில் கட்டு இல்லை. பாங்கில் "எனக்கு எழுத்து தெரியாது தம்பி, நீயே எழுது" என்று உரக்கச் சொல்கிறாள். கண்ணுக்குத் தெரிந்த குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு மணிக்கு சரந்துயா நோட்டை விரித்தால் பிளாஸ்டிக் ஸ்டூல் காலியாகவே கிடந்தது. மல்சூனுக்கு அந்த நேரம் பார்த்து வாசல் கழுவ வேண்டியிருக்கும், அல்லது பங்சிமிடம் ஏதோ பேச வேண்டியிருக்கும். நவம்பரில் மகனின் பிறந்த நாள் வந்து போனது. தபாலாபீசுக்கு யாரும் போகவில்லை. மிச்சமிருந்த பன்னிரண்டு கடிதங்களை இன்ஹோவே உட்கார்ந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டான்.

டிசம்பரில் சரந்துயா பரிசு டிக்கெட்டில் தார்கானுக்குப் போனாள். அம்மா உப்புப் போட்ட பால் டீயும் ஆட்டுக்கறிக் கொழுக்கட்டையும் செய்து வைத்து, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரிசு வாங்கின பேச்சை எனக்கும் சொல்லேன். நம்ம பாஷையில சொல்லு" என்றாள். சரந்துயா சொல்ல ஆரம்பித்தாள். பதினோராவது கடிதம் வரை வந்தாள். அம்மா டீக்கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மாகிட்ட கேட்டியா நீ?"

"இல்லம்மா."

அம்மா இன்னொரு கொழுக்கட்டையை எடுத்து மகளின் தட்டில் வைத்தாள். சரந்துயா அதைச் சாப்பிடவில்லை. மூன்று வருஷம் ஏங்கிய வீட்டில் அவள் பன்னிரண்டு நாள் இருந்தாள். எப்போது யோசுவுக்குத் திரும்பி அந்த ஒரு பேச்சைப் பேசி முடிப்போம் என்றே அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த மறுநாள் காலை. கடையில் கீரை உப்பில் கிடந்தது. இரண்டு பேரும் பெரிய தொட்டியின் இரண்டு பக்கமும் குந்தியிருந்தார்கள்.

"சித்தி, உங்ககிட்ட கேக்காம பேசினது தப்பு. பெரிய தப்பு."

"எவடி இவ, வந்ததும் வராததுமா? ஊர்ல அம்மா நல்லா இருக்காங்களா?"

"என்னைத் திட்டுங்க சித்தி. பங்சிம் அம்மாவை எப்படித் திட்டுவீங்க, அப்படித் திட்டுங்க."

"எதுக்குத் திட்டணும்? கெட்டது என்ன நடந்துபோச்சு? மகன் வந்தான். மருமக வந்தா. நான் தலைநிமிர்ந்து பாங்குக்குப் போறேன். நீ செய்யலேன்னா இதெல்லாம் நடந்திருக்குமோ என்னவோ."

"அப்ப ஏன் படிக்கிறதை விட்டீங்க? அந்த லெட்டரை அழகா எழுதிப் போடலாம் சித்தி. இப்பக்கூடப் போடலாம். நாலே வரிதானே."

மல்சூன் கீரையைப் புரட்டுவதை நிறுத்தினாள். கையிலிருந்த உப்புநீரை உதறினாள். கோபம் இல்லை அவள் குரலில். கோபம் இருந்திருந்தால் சரந்துயா தாங்கியிருப்பாள்.

"அன்னிக்கு அவன் என் கையைப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'அம்மா, நீங்க எழுதினதைக் கேட்டு அழுதுட்டேன்'னான். கேட்டேன்கிறான்டி. படிச்சேன்னு சொல்லல. அவனுக்கு ஒரு கடுதாசி போடணும்னுதான் அறுபது வயசுல எழுத்துப் படிச்சேன். அது அவனுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. மறுபடி எதைப் போட? என் எழுத்து கோணல். நீ தப்பில்லாம, அழகா சொல்லிட்டே. இனிமே அந்த நாலு வரியை அவன் நெனைச்சா, அவன் காதுல உன் குரல்தான் கேக்கும். என் குரல் கேக்காது."

சரந்துயா மன்னிப்புக் கேட்டாள். முதலில் மங்கோலிய மொழியில் வந்துவிட்டது, பிறகு கொரிய மொழியில் சொன்னாள்.

"ரெண்டும் புரிஞ்சுது" என்றாள் மல்சூன். "அழாதே. எல்லாம் நல்லதுக்குத்தான். அந்தப் பக்கம் கீரையைத் திருப்பு, உப்பு ஏறணும்."

சரந்துயா கீரையைத் திருப்பினாள். அதற்கப்புறம் அவள் கொரியக் குடியுரிமைத் தேர்வு எழுதி முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். புதிதாக வரும் மருமகள்களுக்கு ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் மொழிபெயர்க்கப் போகிறாள். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், "இதை அவங்ககிட்ட சொல்லவா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். இவ்வளவு கேட்க வேண்டியதில்லை என்று டாக்டர்கள்கூட அலுத்துக்கொள்கிறார்கள். நான்கு மணிக்கு முடிந்தவரை கடைக்கு வந்துவிடுகிறாள். மல்சூன் அவளுக்குச் சோறு போடுகிறாள், திட்டுகிறாள், ஊர்க் கதையெல்லாம் சொல்கிறாள். பென்சிலை மட்டும் தொடுவதே இல்லை.